நீரோடையின் வழியே

வியப்புக்குரிய நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டவுடன் அதற்கு ஒரு பெயர் சூட்டி ஒதுக்கி வைத்துவிடுவது மக்கள் இயல்பு. 'தெய்வச் செயல்' என்று ஒருவர் கூறுவார், 'ஊழின் வலிமை' என்று மற்றொருவர் கூறுவார், 'என்னே துணிவு!' என்று மூன்றாமவர் கைகொட்டுவார். பெயர் சூட்டிய பின்னர் அந்நிகழ்ச்சியைப் பற்றி எண்ணிப் பார்க்கும் உழைப்பு நமக்கு மிச்சமாகிவிடுகிறது. 1971ஆம் ஆண்டின் இறுதியில், தென்னமெரிக்காவில் உள்ள பெரு நாட்டில், பதினேழு வயதுப் பெண் ஒருத்திக்கு நேர்ந்தது இவ்வாறே உலகெங்கும் 'அதிசயம்' என்று பெயர் பெற்றது. அப்பெயர் அந்நிகழ்ச்சியின் ஒரு பாதிக்கே பொருந்தும் என்பது என் கருத்து. மற்றப் பாதிக்குக் கல்வி என்று பெயரிடலாம். ஆனால் பள்ளியில் மதிப்பெண் பெறும் கல்வி அன்று அது.

யூலியானே கோப்கே என்பது அப்பெண்ணின் பெயர். அவள் 1954ஆம் ஆண்டில் பெருவின் தலைநகராகிய லிமாவில் பிறந்தாள். தந்தையார் ஹான்ஸ் வில்ஹெல்ம் கோப்கே விலங்கியல் அறிஞர்; தாயார் மரியா கோப்கே பறவையியலில் பெயர் பெற்றவர். செருமனி நாட்டினராகிய இருவரும் லிமாவில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றி வந்தனர். காட்டில் வாழும் உயிர்களைக் காட்டிலேயே இருந்து ஆராய வேண்டும் என்று கருதிய அவர்கள், 1968ஆம் ஆண்டில் அமேசான் மழைக்காட்டினுள் பாங்குவானா என்னும் ஆய்வு நிலையத்தை அமைத்தனர். பாங்குவானா என்பது அக்காட்டில் வாழும் பறவை ஒன்றின் பெயர். மகளையும் உடன் அழைத்துச் சென்றனர். அப்பொழுது அவளுக்கு வயது பதினான்கு. நகரத்துத் தோழியரை விட்டுப் பிரிந்து, கதிரவன் ஒளி புகாத மரநிழலில் போய் உட்காருவதா என்று அவள் முதலில் மனம் சலித்தாள். சில நாளில் அச்சலிப்பு அகன்றது. ஒன்றரை ஆண்டுக் காலம் காடே அவளுக்கு வீடாகவும் பள்ளியாகவும் இருந்தது. எக்குரல் எப்பறவையின் குரல் என்பதையும், காய்ந்த சருகு போலக் கிடப்பது பாம்பாக இருக்கலாம் என்பதையும், எதைத் தொடலாம் எதைத் தொடலாகாது என்பதையும் அவள் பெற்றோரின் பின்னால் நடந்தே தெரிந்து கொண்டாள். காட்டில் வழி தவறினால் ஓடும் நீரைத் தேட வேண்டும். சிற்றோடை பேரோடையில் சேரும், பேரோடை ஆற்றில் சேரும், ஆற்றங்கரையில் மனிதர் இருப்பர் என்று தந்தையார் சொல்லி வைத்திருந்தார்.

ஆனால் கல்வித்துறையினர் இம்முறையை ஒப்பவில்லை. பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டுமாயின் லிமாவுக்குத் திரும்பி வந்து தேர்வு எழுத வேண்டும் என்றனர். அவளும் அவ்வாறே திரும்பினாள். அதிகாரிகளைக் குறை கூறுவதற்கில்லை. விதியைக் காப்பது அவர்கள் கடமை. எனினும், பின்னர் நிகழ்ந்ததை அறிந்த நமக்கு ஒரு சிறு நகை தோன்றாமல் இராது. எந்த ஒன்றரை ஆண்டு, படிப்பாகக் கணக்கிடப்படாமற் போயிற்றோ, அந்த ஒன்றரை ஆண்டின் படிப்பில்தான் அவள் மிகக் கடிய தேர்வை எழுத வேண்டி வந்தது.

1971ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவளுடைய பள்ளிப் படிப்பு முடிந்தது. தந்தையார் பாங்குவானாவில் இருந்தார். கிறிஸ்துமஸ் விழாவை அவருடன் கொண்டாடுவதற்காகத் தாயும் மகளும் புறப்பட்டனர். ஓரிரு நாள் முன்னரே செல்லலாம் எனத் தாயார் விரும்பினார். பள்ளி நிறைவு விழாவை விட்டுவர மகளுக்கு மனம் இல்லை. ஆகவே டிசம்பர் 24ஆம் நாள், லிமாவிலிருந்து புகால்பா நகருக்குச் செல்லும் விமானத்தில் இருவரும் ஏறினர். மலைத்தொடரைக் கடந்து ஒரு மணி நேரத்தில் முடியக்கூடிய பயணம் அது. வழியில் விமானம் கருமுகிற் கூட்டத்தினுள் நுழைந்தது. மின்னல் தாக்கிற்று. விமானம் வானிலேயே உடைந்தது. அதில் இருந்தோர் 92 பேர். சன்னலோரம் அமர்ந்திருந்த யூலியானே, இடுப்பில் கட்டிய வாரோடும் இருக்கையோடும் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்திலிருந்து காட்டினுள் விழுந்தாள்.

விழுந்தும் அவள் உயிரோடிருந்தாள். இதனைத்தான் அதிசயத்தின் பாதி என்றேன். இருக்கை வரிசை, சிறகுள்ள விதை சுழன்று இறங்குவது போலச் சுழன்று இறங்கியிருக்கலாம். புயல்முகிலின் கீழிருந்து எழும் காற்று அதன் விரைவைத் தணித்திருக்கலாம். நெருங்கிப் பின்னிய கொடிகளும் கிளைகளும் அதனைத் தாங்கியிருக்கலாம் என்று அறிஞர் பலவாறு காரணம் கூறுவர். எக்காரணமாயினும் அதில் அவளுடைய முயற்சி ஒன்றுமில்லை. அறிவுடையாரையும் அறிவிலாரையும் ஒன்றுபோல நடத்துவது வீழ்ச்சி. அதன் பின்னர் வந்த பதினொரு நாள் அத்தகையதன்று.

மறுநாட் காலையில் அவள் கண்விழித்தாள். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்திருந்தது. கையில் ஆழ்ந்த வெட்டுக்காயம், கண் வீங்கியிருந்தது, எழுந்து நின்றால் தலை சுழன்றது. கிட்டப் பார்வையுடைய அவளது மூக்குக் கண்ணாடி எங்கோ போய்விட்டது. உடுத்தியிருந்தது கையில்லாத குட்டைப் பாவாடைச் சட்டை. செருப்பில் ஒன்றே எஞ்சியது. அருகில் அமர்ந்திருந்த தாயைக் காணவில்லை. அன்று முழுதும் தவழ்ந்தும் தள்ளாடியும் தாயைக் கூவித் தேடினாள்; தவளைகளின் குரலும் பறவைகளின் குரலுமே விடையாக வந்தன. ஆனால் அக்குரல்கள் அவளுக்குப் புதியன அல்ல. பாங்குவானாவில் நாள்தோறும் கேட்ட குரல்கள் அவை. தான் அதே காட்டில்தான் இருக்கிறாள் என்பதை அவள் அப்பொழுது உணர்ந்தாள். நகரத்திலேயே வளர்ந்த ஒருவனை அவ்விடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒவ்வோர் ஒலியும் அவனுக்கு ஓர் அச்சமாக இருந்திருக்கும். ஒலிக்குப் பெயர் தெரிந்தவுடன் அச்சத்தில் ஒரு பங்கு நீங்கிவிடுகிறது.

அவளிடம் கத்தி இல்லை, தீக்குச்சி இல்லை. அது மழைக்காலம், விறகு யாவும் நனைந்து கிடந்தன, உண்ணத்தக்க கனிகளும் அப்பருவத்தில் இல்லை. விமானத்திலிருந்து சிதறிய பொருள்களுள் இனிப்பு மிட்டாய்ப் பை ஒன்று அகப்பட்டது. அது தீர்ந்த பின்னர் ஓடை நீரே உணவாயிற்று. கண்ணில் படும் இலையையும் காயையும் அவள் வாயிலிடவில்லை. இதனைப் படிப்பவர் பலர் விரைந்து கடந்து விடுகின்றனர். எனக்கோ இதுவே பெரிதாகப் படுகிறது. பசியோடு பல நாள் உயிர் தரிக்கலாம். நச்சுக் காய் ஒன்றைத் தின்றுவிட்டு அவ்வாறு தரிக்க இயலாது. தனக்குத் தெரிந்தது இவ்வளவு, இதற்கு மேல் தெரியாது என்று கோடு கிழித்து, பசி பிடித்துத் தள்ளும்போதும் அக்கோட்டைத் தாண்டாமல் நிற்பது அரிய செயல். செய்ததைச் சொல்வது எளிது. செய்யாமல் விட்டதைச் செய்தித்தாள் எழுதுவதில்லை.

தேடும் விமானங்களின் ஓசை மேலே கேட்டது. ஆனால் மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் காட்டில், தரையில் நிற்கும் ஒரு பெண்ணை வானத்திலிருந்து எவ்வாறு காண்பது? அவள் இதனை உணர்ந்தாள். எங்கோ நீர் சொட்டும் ஓசை காதிற் பட்டது. தேடிச் சென்று ஒரு சிற்றோடையைக் கண்டாள். தந்தையாரின் சொல் நினைவுக்கு வந்தது. ஓடையின் போக்கிலேயே நடக்கத் தொடங்கினாள். கண் தெளிவாகத் தெரியாமையால், எஞ்சிய செருப்பைக் கொண்டே முன்னுள்ள தரையைச் சோதித்துச் சோதித்து அடியெடுத்து வைத்தாள். இழந்த செருப்பை எண்ணி இருக்கும் செருப்பையும் எறிந்துவிடுவோர் உண்டு. அவளுக்கு அந்த ஒற்றைச் செருப்பு கண்ணும் கோலும் ஆயிற்று.

நான்காம் நாள் பெரிய பறவை ஒன்று சிறகடித்து இறங்கும் ஓசை கேட்டது. அரசக் கழுகு எனப்படும் பிணந்தின்னிக் கழுகின் ஓசை அது. அப்பறவை எங்கு இறங்கும், எதற்கு இறங்கும் என்பதைப் பறவையியலாரின் மகள் அறிவாள். அறிந்தும் அத்திசை நோக்கிச் சென்றாள். அங்கே இருக்கை வரிசை ஒன்று தலைகீழாக மண்ணில் புதைந்து கிடந்தது. அதில் மூவர் இறந்து கிடந்தனர். ஒருவர் பெண். யூலியானே ஒரு குச்சியால் அப்பெண்ணின் காலைத் தொட்டுப் பார்த்தாள். விரல் நகங்களில் சாயம் தீட்டியிருந்தது. தன் தாய் நகத்திற்குச் சாயம் தீட்டுவதில்லை. அவள் மீண்டும் ஓடைக்கு வந்து நடந்தாள்.

இவ்விடத்தில் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பதினேழு வயதில் ஒருத்தி எதை அறிந்துகொள்ள வேண்டும், எதை அறியாமல் இருக்க வேண்டும் என்று வகுக்கும் நூல் ஒன்றும் இல்லை.

ஓடை அகன்றது. ஒரு நாள் ஹோவாட்சின் என்னும் பறவையின் குரல் கேட்டது. விந்தையான பறவை அது. அதன் குஞ்சுக்குச் சிறகில் நகம் உண்டு. பகை வரும்போது நீரில் குதித்துவிட்டு, அந்நகங்களால் கிளையைப் பற்றி மேலே ஏறிக்கொள்ளும். இலையைத் தின்று மாடு போலச் செரிக்கும் இயல்புடையதாகையால் அதனிடம் சாணம் போன்ற நாற்றம் வீசும் என்பர். யூலியானேவுக்கு வேண்டியது இச்செய்திகள் அல்ல, வேறொன்று. அப்பறவை பெருநீர்ப் பரப்பின் கரையிலேயே கூடு கட்டும். ஆகவே ஆறு அண்மையில் உள்ளது! தாய் சொல்லிக் கொடுத்த பறவைப் பாடம், தாய் இல்லாத இடத்தில் வழி காட்டிற்று. தந்தையின் பாடம் ஓடை. தாயின் பாடம் பறவை. இரண்டும் சேர்ந்து அவளை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தன.

ஆறு வந்ததும் துன்பம் தீர்ந்துவிடவில்லை. கரையோரச் சேற்றில் முள்வால் திருக்கைகள் பதுங்கியிருக்கும். ஆகவே கரையை விட்டு விலகி ஆற்றின் நடுவில் நீந்தியும் மிதந்தும் சென்றாள். பிரானா மீன்களைப் பற்றிய கதைகள் உலகம் அறிந்தவை. ஆயினும் அவை தேங்கிய ஆழமற்ற நீரிலேயே அஞ்சத்தக்கன, ஓடும் நீரில் அல்ல என்று அவள் கற்றிருந்தாள். கைமன் என்னும் முதலைகள் கரையிலிருந்து வழுக்கி நீரில் இறங்கின. அவை பெரும்பாலும் மனிதரைத் தாக்குவதில்லை என்றும் அறிந்திருந்தாள். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டா என்று பிரித்தறிந்ததே அவளைக் காத்தது. எல்லாவற்றிற்கும் அஞ்சியிருந்தால் கரையிலேயே நின்றிருப்பாள். எதற்கும் அஞ்சாதிருந்தால் முதல் நாளிலேயே திருக்கையை மிதித்திருப்பாள். வீரம் என்று நாம் புகழும் பலவற்றில் இப்பகுத்தறிவு இல்லை. அதனால்தான் வீரர் பலர் விரைவில் மாண்டு போகின்றனர்.

பத்தாம் நாள் கரையில் ஒரு படகு கட்டியிருக்கக் கண்டாள். முதலில் அது பொய்த்தோற்றம் என்றே எண்ணினாள். தொட்டுப் பார்த்த பின்னரே நம்பினாள். அருகில் ஓலைக் குடில் ஒன்றும், படகின் எஞ்சினுக்குரிய எரிநெய்யும் இருந்தன. இதற்குள் அவளது கைப்புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழுக்கள் தசையைக் குடைந்துகொண்டிருந்தன. முன்னொரு முறை நாயின் புண்ணில் புழு வைத்தபோது தந்தையார் மண்ணெண்ணெய் ஊற்றியது அவள் நினைவுக்கு வந்தது. எரிநெய்யைப் புண்ணில் ஊற்றினாள். புழுக்கள் வெளிவந்தன, முப்பது வரையில் எடுத்தாள். மருத்துவர் உள்ள ஊரில் இதனை எவரும் செய்து பார்க்க வேண்டா. வேறு வழியற்ற ஒருத்தி, கண்ணால் கண்டிருந்த ஒன்றையே செய்தாள் என்பதுதான் இதில் நாம் காண வேண்டுவது.

படகு அங்கே இருந்தது, ஆறும் இருந்தது, ஏறிச் செல்லலாம். அவள் ஏறவில்லை. பிறர் படகை எடுத்துச் செல்வது திருட்டு என்று அவளுக்குத் தோன்றிற்று. பத்து நாள் பட்டினி கிடந்து, புழு அரித்த கையோடு நிற்பவள் ஒரு படகை எடுத்தால் எந்த நீதிமன்றமும் குற்றம் சொல்லாது. நானும் சொல்லமாட்டேன். எனினும் அவள் எடுக்காமல் இருந்ததில் நன்மையும் விளைந்தது. மறுநாள் மாலை குடிலுக்கு உரியோர் வந்தனர். அவர்கள் மரம் வெட்டும் தொழிலாளர். செவ்விழியும் பொன்னிறக் கூந்தலுமாய்க் கந்தலுடுத்து நின்ற உருவத்தைக் கண்டு நீர்த்தெய்வமோ என்று திகைத்தனர். அவள் அவர்கள் அறிந்த ஸ்பானிய மொழியிலேயே தன் பெயரையும், வீழ்ந்த விமானத்தில் வந்ததையும் கூறினாள். அவர்கள் உணவளித்து, புண்ணுக்கு மருந்திட்டு, மறுநாள் படகில் ஏற்றி ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தனர். 92 பேரில் உயிர் தப்பியவள் அவள் ஒருத்தியே.

இந்நிகழ்ச்சியை எழுதுவோர் பெரும்பாலும் 'காட்டை வென்ற கன்னி' என்பது போலத் தலைப்பிடுகின்றனர். எனக்கு அது உடன்பாடன்று. அவள் எதை வென்றாள்? ஒரு மரத்தை வெட்டவில்லை, ஒரு விலங்கைக் கொல்லவில்லை, தீக்கூட மூட்டவில்லை. தனித்து வாழ்வோரைப் பற்றிய கதைகளுள் பெயர் பெற்றது டானியல் டீபோ 1719ஆம் ஆண்டில் வெளியிட்ட இராபின்சன் குருசோவின் கதை. குருசோ உடைந்த கப்பலிலிருந்து கோடரியும் துப்பாக்கியும் தானியமும் கொண்டுவந்து, தீவில் வேலி கட்டி, அதனைத் தன் ஊரைப் போல ஆக்கிக்கொள்கிறான். சிறுவர் உள்ளத்தில் காட்டு வாழ்க்கை என்றாலே அச்சித்திரம் பதிந்துவிட்டது. யூலியானேவின் வழி அதற்கு நேர்மாறானது. காட்டைத் தன் விருப்பப்படி மாற்ற அவள் ஒரு விரலையும் அசைக்கவில்லை. காடு எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கற்றிருந்தாள். அது இயங்கும் வழியிலேயே தானும் சென்றாள்.

இங்கு ஒருவர் தடை எழுப்பலாம்: 'அவள் பிழைத்ததற்கு அறிவே காரணம் என்றால், மற்றவர் இறந்ததற்கு அறியாமை காரணமா?' நல்ல வினா. விழுந்த பின்னரும் வேறு சிலர் உயிரோடிருந்து, உதவி வருமுன் இறந்தனர் எனப் பின்னர்த் தெரிய வந்தது. மரியா கோப்கேவும் அவர்களுள் ஒருவர் எனக் கூறப்படுகிறது. மகளுக்குக் காட்டைக் கற்பித்தவரே அவர். அவரினும் காட்டை அறிந்தவர் அவ்விமானத்தில் வேறு எவரும் இலர். முறிந்த எலும்பின் முன் எந்த அறிவும் நடந்து செல்லாது. ஆகவே அறிவு உயிரைக் காக்கும் என்று நான் உறுதி கூறவில்லை. நற்பேறு கதவைச் சிறிது திறந்தபோது, அதன் வழியே புகுந்து செல்லும் ஆற்றலை அவளுக்கு அறிவு கொடுத்தது, அவ்வளவே.

மற்றொரு தடையும் உண்டு. அது இன்னும் வலியது. 'வழி தவறினால் ஓடையைப் பின்பற்று' என்பதை மாணவர் மனப்பாடம் செய்துகொள்ளலாமா? கூடாது. 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மலைக்காட்டில் காணாமற் போய் இறந்தான். தேடுவோர் ஓரிடத்தைத் தேட, அவன் வேறிடத்திற்கு நடந்துகொண்டேயிருந்தான். அதன் பின்னர் அங்கே பிள்ளைகளுக்கு ஒரு பாடம் கற்பிக்கத் தொடங்கினர்: வழி தவறியதை உணர்ந்தவுடன் ஒரு மரத்தைத் தழுவிக்கொண்டு அங்கேயே இரு. அறிந்தோர் பலரும் கூறும் அறிவுரை இதுவே. இதற்கு மாறாக, 1939ஆம் ஆண்டில் அந்நாட்டின் மேன் மாநிலத்தில் கட்டாடின் மலையில் மூடுபனியில் வழி தவறிய டான் பெண்ட்லர் என்னும் பன்னிரண்டு வயதுச் சாரணச் சிறுவன், ஓடையைப் பின்பற்றி நடந்து ஒன்பதாம் நாள் ஆற்றங்கரையில் மீட்கப்பட்டான். நூற்றுக்கணக்கானோர் மலையில் அவனைத் தேடிக்கொண்டிருந்தனர். அவனோ அவர்களை விட்டு விலகி விலகிச் சென்றான். அவன் பிழைத்தான் என்பதால் நடந்தது சரி என்றாகிவிடுமா? யூலியானேவின் நிலை வேறு. தேடுவோரின் ஓசையை அவள் கேட்டாள்; அவர்கள் கண்ணுக்குத் தான் புலப்படமாட்டாள் என்பதை ஆராய்ந்து தெளிந்தாள்; அதன் பின்னரே நடந்தாள். விதியை அறிவது ஒன்று. அவ்விதி இவ்விடத்திற்குப் பொருந்துமா என்று எண்ணுவது மற்றொன்று. பின்னதைக் கற்பிக்கும் ஆசிரியர் கிடைப்பது அரிது.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றையும் கூறுகிறேன். 2023ஆம் ஆண்டு மே முதல் நாள், கொலம்பியா நாட்டு அமேசான் காட்டில் சிறு விமானம் ஒன்று வீழ்ந்தது. அதில் இருந்த பெரியோர் மூவரும் இறந்தனர்; நான்கு குழந்தைகள் எஞ்சினர். மூத்தவள் பதினமூன்று வயதுச் சிறுமி. கடைக்குட்டிக்கு இன்னும் ஓராண்டு நிறையவில்லை. அவர்கள் விட்டோட்டோ என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர்கள். இறந்தோருள் ஒருவர் அவர்களுடைய தாய். அவர்கள் நாற்பது நாள் காட்டில் இருந்தனர். விமானத்தில் இருந்த மரவள்ளிக் கிழங்கு மாவை முதலில் உண்டனர். (நம் நாட்டில் ஏழை எளியவரின் பசி தீர்க்கும் அம்மரவள்ளி, தென்னமெரிக்காவிலிருந்தே இங்கு வந்தது.) பின்னர்க் காட்டுக் கனிகளும் விதைகளும் உணவாயின. எக்கனி உண்ணத்தக்கது என்பதை மூத்தவள் தன் பாட்டியிடம் கற்றிருந்தாள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தம்பி தங்கையரையும் நடத்திச் சென்ற அச்சிறுமி, எந்தப் பல்கலைக்கழகத்து அறிஞரின் மகளும் அல்லள். விமானமேறிச் சென்று ஆராயாமல், தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தோர் சேர்த்து வைத்த அறிவு அது. எழுதி வைக்காததால் அதனை அறிவென்று கருதாதோர் இன்றும் உளர்.

அவர்களைத் தேடியோர் செய்ததும் கருதத்தக்கது. படைவீரர்கள் கருவிகளோடு வந்தனர்; பழங்குடி மக்களும் உடன் வந்தனர். பாட்டியின் குரலை அவர்களுடைய தாய்மொழியில் பதிவு செய்து, ஹெலிகாப்டரிலிருந்து ஒலிபெருக்கியில் முழங்கச் செய்தனர். ஓரிடத்தில் அசையாமல் இருங்கள் என்பது அக்குரல் கூறிய செய்தி. ஜூன் 9ஆம் நாள் பழங்குடித் தேடுவோர் அக்குழந்தைகளைக் கண்டனர். விமானம் வீழ்ந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலேயே அவர்கள் இருந்தனர். படையினரின் கருவிகளால் மட்டும் முடியாததும், பழங்குடியினரின் கால்களால் மட்டும் முடியாததும், இருவரும் சேர்ந்தபோது முடிந்தது.

மாணவர்களே, நீங்கள் அமேசான் காட்டில் விழப் போவதில்லை. பின்னர் எதற்காக இவ்வளவும் கூறினேன் என்று கேட்கலாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயரை அடுக்கிக் கூறியிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். தேர்வில் கேட்டால் எழுதுவீர்கள். அவற்றுள் எத்தனை மலரை மரத்தில் கண்டு இது இன்னது என்று சொல்ல இயலும்? பள்ளிக்கு வரும் வழியில் நிற்கும் மரங்களின் பெயர் தெரியுமா? மழை பெய்தால் உங்கள் தெருவின் நீர் எத்திசையில் ஓடி எந்த ஏரியில் சேர்கிறது? விடியலில் முதலில் கூவுவது எப்பறவை? இவற்றை எந்தத் தேர்விலும் எவரும் கேட்கமாட்டார்கள். கேட்கவில்லை என்பதற்காகவே நாம் இவற்றைக் கற்பதில்லை. தாம் வாழும் இடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல், தொலைவில் உள்ள நாடுகளின் தலைநகர்களை மட்டும் ஒப்பிப்பதைக் கல்வி என்று நான் ஏற்கத் தயங்குகிறேன். ஏட்டுப் படிப்பு வேண்டா என்பது என் கருத்தன்று. கோப்கே தம்பதியர் இருவரும் ஏட்டிலும் வல்லவர். ஏட்டைக் காட்டிற்குக் கொண்டுசென்று ஒப்பிட்டுப் பார்த்தவர்கள். அவ்வொப்பீடு நம் பள்ளிகளில் இல்லை என்பதே என் குறை. திங்களுக்கு ஒரு நாளேனும் ஆசிரியரும் மாணவரும் வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு, ஊருணிக் கரை வரையில் நடந்து வந்தால் எந்தப் பாடமும் குறைந்துவிடாது.

மரியா கோப்கேயின் உடல் 1972ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் கண்டெடுக்கப்பட்டது. யூலியானே செருமனிக்குச் சென்று உயிரியல் பயின்றார். தம்மை வானத்திலிருந்து ஏற்று, பதினொரு நாள் வைத்திருந்து, தம் தாயைத் திருப்பித் தராத அக்காட்டை அவர் வெறுத்திருந்தால் எவரும் வியந்திருக்கமாட்டார். அவரோ மீண்டும் பாங்குவானாவுக்கே வந்து, அங்கு வாழும் வெளவால்களை ஆராய்ந்து, 1987ஆம் ஆண்டில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 2000ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்த பின்னர் அந்நிலையத்தின் பொறுப்பையும் தாமே ஏற்றார். மரம் வெட்டுவோரிடமிருந்தும் நிலம் திருத்துவோரிடமிருந்தும் அக்காட்டைக் காக்கப் பல்லாண்டு முயன்றார். 2011ஆம் ஆண்டில் பெரு நாட்டு அரசு பாங்குவானாவைப் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியாக அறிவித்தது.